பெட்டி அடைத்த வாசல்கள்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். செவ்வழிக்காரர்கள் ஒன்பது வருடம் பார்க்கவில்லை. பத்தாவது வருடம் பிரிட்டோ லேசாக வாயைத் திறந்து பார்த்தான். மாடு கடித்துவிட்டது.

செவ்வழி என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இரண்டாயிரத்து அறுபதுகளில், காது கேளாதவர்களுக்குச் செயற்கைச் செவி பொருத்துவது பல்லுக்கு அடைப்பு வைப்பது போலச் சாதாரணமாகிவிட்டிருந்தது. காதுக்குப் பின்னால் எலும்பில் ஒரு சில்லு. அதிலிருந்து உட்செவிக்குள் போகும் முடி போன்ற இழை. இழை நெடுக இருபத்திரண்டு மின்முனைகள். ஒவ்வொரு முனையும் நரம்புக்குப் போகும் ஒரு வாசல். இடி, மத்தளம் போன்ற தாழ்ந்த ஒலிகளுக்கு முதல் வாசல்கள். கிறீச்சிடும் ஒலிகளுக்குக் கடைசி வாசல்கள். எந்த ஒலியை எந்த வாசல் வழியாக அனுப்புவது என்று முடிவு செய்கிற மென்பொருளுக்குத்தான் செவ்வழி என்று பெயர். அதை எந்தக் கம்பெனியும் எழுதவில்லை. செவி பொருத்தியவர்களும் அவர்களைச் சேர்ந்தவர்களுமாக, ஊர் கூடித் தேர் இழுப்பது போல எழுதினார்கள். அதில் ஒளிவு மறைவு கிடையாது. யாரும் படிக்கலாம், திருத்தலாம், எடுத்துக்கொண்டும் போகலாம். நாற்பதாயிரம் பேர் காதில் அது ஓடிக்கொண்டிருந்தது.

ஒன்றே ஒன்றுதான் அவர்களுடையது இல்லை. நரம்பு உயிருள்ள பொருள். மாதா மாதம் குணம் மாறும். வீணைக்குச் சேர்ப்பது போலச் செவிக்கும் மாதம் ஒரு முறை சுருதி சேர்க்க வேண்டும். அதைச் செய்கிற கருவி, செவிகளைத் தயாரித்து விற்கிற ஆரிலான் என்ற கம்பெனியின் சொத்து. கம்பெனி அதைச் செவ்வழிக்காரர்களுக்கு இலவசமாகவே கொடுத்திருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. கருவி என்றாலும் அதுவும் கணினியில் ஓடுகிற ஒரு நிரல்தான். ஆனால் உள்ளே பார்க்க முடியாததால் எல்லாருக்கும் அது 'பெட்டி' ஆகிவிட்டது.

செவ்வழிக்குத் தலைவர் என்று யாரும் கிடையாது. ஆனாலும் அங்கயற்கண்ணி தலையாட்டாமல் ஒரு வரிகூட உள்ளே போகாது. சிவகங்கையில் ஒரு பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் ஆசிரியை. ஒன்பது வயதில் வந்த காய்ச்சல் போகும்போது காதையும் எடுத்துக்கொண்டு போயிற்று. இருபத்தேழு வயதில் செயற்கைச் செவி வந்தது. எதையும் முறைப்படி செய்கிறவள். செவ்வழியில் அவள் போட்ட முதல் சட்டம், சிவப்பு காதுக்குப் போகக் கூடாது என்பது.

யார் எந்த மாற்றம் செய்தாலும் முதலில் அதற்குப் பரீட்சை வைப்பார்கள். ஆயிரக்கணக்கான ஒலிகளைக் கொடுத்து, எந்த வாசலில் என்ன வருகிறது என்று பார்த்து, விடைக்குறிப்போடு ஒப்பிடுவார்கள். ஒத்துப்போனால் திரையில் பச்சை. போகாவிட்டால் சிவப்பு. அந்த விடைக்குறிப்பு பெட்டியிடம் கேட்டு எழுதிக்கொண்டது. பெட்டிதானே இத்தனை பேருக்கும் சுருதி சேர்க்கிறது? வேறு யாரைப் போய்க் கேட்பது?

பிரிட்டோ தூத்துக்குடியில் மீன்பிடிப் படகுகளுக்கு ரேடியோ பழுது பார்க்கிறவன். அவனுக்குக் காது நன்றாகவே கேட்கும். தம்பி ரொசாரியோவுக்காகச் செவ்வழிக்குள் வந்தவன். ஒரு நாள் பெட்டி தம்பியின் செவிக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தபோது, இரண்டுக்கும் நடுவில் ஓர் அலைவாங்கியை வைத்து அவை பேசிக்கொள்வதைப் பதிவு செய்துவிட்டான். செய்ததோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தாலாவது பரவாயில்லை. 'பெட்டிக்காரன் பேசுறது கேட்டுட்டுது மக்களே' என்று குழுவில் பெருமையாகப் போட்டுவிட்டான்.

அடுத்த வாரமே ஆரிலானின் ஒப்பந்தப் பிரிவு மேலாளர் தேசிகன் சென்னையிலிருந்து திரையில் வந்தார். நெற்றியில் மெல்லிய கீற்று, இஸ்திரி கலையாத சட்டை, கோபமே இல்லாத முகம்.

"மேடம், ஒண்ணும் பர்சனலா எடுத்துக்காதீங்க. எங்க டியூனருக்குள்ள உங்க ஆள் பாத்திருக்கார்."

"உள்ளயெல்லாம் போகல சார்," என்றான் பிரிட்டோ. "கதவுல காத வச்சுக் கேட்டேன். அம்புட்டுதான்."

"அதுவும் ஏழாவது விதியில இருக்கு."

"என்னன்னு இருக்கு?"

"கதவுல காதை வைக்கக் கூடாதுன்னு."

பிரிட்டோவே சிரித்துவிட்டான். தேசிகன் சிரிக்கவில்லை. செவ்வழியின் முக்கியமான ஆட்களுக்குப் பெட்டி அன்றோடு நிறுத்தப்படுகிறது என்றார். மற்றவர்களுக்குத் தை மாதம் திருச்சியில் நடக்கும் ஆண்டுக்கூட்டம் வரை அவகாசம். பெட்டி வேண்டும் என்கிறவர்கள் அங்கே புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டவர்கள் அதற்குப் பிறகு, சுருதி சேர்க்கிற எந்த நிரலையும் எழுதவோ எழுதுகிறவர்களுக்கு உதவவோ கூடாது. ஆரிலானின் செவியில் வேறு எவருடைய சுருதியையும் ஏற்றவும் கூடாது.

"அப்ப என் காது?" என்று கேட்டாள் அங்கயற்கண்ணி.

"நீங்க கையெழுத்துப் போட்டா நாளைக்கே சரியாயிடும் மேடம்."

"போடாட்டி?"

தேசிகன் கைகூப்பினார். திரை அணைந்தது.

அவள் போடவில்லை. பிடிவாதம் என்று வீட்டில் சொன்னார்கள். பெட்டிக்குப் பதிலாகத் தாங்களே ஒரு சுருதி நிரல் எழுதிவிடலாம் என்று அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. அந்தக் கணக்கில் ஒரு சிக்கலும் இருந்தது. எழுதுகிறவள் அவள். எழுதியது சரியா என்று சொல்ல வேண்டிய காதும் அவளுடையதுதான். அடுத்தவர் காதில் சோதித்துப் பார்க்க அவளுக்கு மனம் வராது. அந்தக் காதுக்கோ இனிமேல் சுருதி கிடையாது.

முதல் மாதம், போர்வைக்கு அடியில் ரேடியோ பாடுவது போல உலகம் தள்ளிப்போயிற்று. இரண்டாம் மாதம் மாணவர்களின் குரல்கள் ஒன்றோடொன்று குழைந்து கூழாகின. பேச்சை எழுத்தாக்கி ஓடவிடும் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். அதில் சொல் வரும், குரல் வராது. கோபமாகச் சொன்னதும் கொஞ்சிச் சொன்னதும் ஒரே எழுத்தில்தான் ஓடும். கல்லூரி முதல்வர் ஒரு நாள் கூப்பிட்டு உட்காரவைத்து, "ஸ்டோர் பொறுப்பைப் பாத்துக்கிறீங்களாம்மா? கொஞ்ச நாளைக்கு ரெஸ்ட்டா இருக்கும்" என்றார். அதுவும் அதே எழுத்தில்தான் ஓடியது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனாள்.

இதற்கு நடுவில் ரஹ்மத்துன்னிசா திரையில் வந்து பேசினாள். காயல்பட்டினத்துப் பெண். செவ்வழிக்குப் புதிதாக வருகிறவர்களைக் கைப்பிடித்து அழைத்து வருவது அவள் வேலை. அவளுடைய மகள் நஃப்லாவுக்கு ஆறு வயது. செவி பொருத்தி இரண்டு வருடம் ஆகிறது.

"அக்கா, நான் திருச்சியில கையெழுத்துப் போட்டுருவேன். கோவிச்சுக்கிடாதீங்க."

"கோவமெல்லாம் இல்ல. சொல்லு."

"பெரியவங்க நாலு மாசம் கேக்காம இருந்துக்கிடலாம். நஃப்லாக்கு இப்பத்தான் பேச்சு வருது. இந்த வயசுல காதுல விழாத சத்தம் பெறகு நாக்குல வராதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. இப்பவே பாதி வார்த்தைக்கு வால் இல்ல. கொள்கைக்காகப் புள்ள நாக்கைப் பணயம் வைக்க எனக்குத் தைரியம் இல்லக்கா."

கண்ணாடியில் எழுத்து நின்றது. ரஹ்மத்தின் முகத்தைப் பார்த்தாலே போதும், குரல் தேவைப்படவில்லை.

"நீ சொல்றதுல ஒரு தப்பும் இல்ல ரஹ்மத்து. திருச்சி வரைக்கும் பொறு. அங்க நான் வெறுங்கையோட வந்து நின்னேன்னா, ஒனக்கு நானே பேனா எடுத்துத் தர்றேன்."

சொல்லிவிட்டாளே தவிர, நிலைமை அப்படி ஒன்றும் வாகாக இல்லை. புது நிரலை எழுதி முடித்துப் பரீட்சை வைத்தபோது முதல் பதினேழு வாசல்களும் பச்சை. பிரிட்டோ அந்தப் பக்கம் விசில் அடித்தான். கடைசி ஐந்தும் சிவப்பு. சரி, ஏதோ கை பிசகியிருக்கும் என்று திருத்தினார்கள். மறுபடியும் ஐந்து சிவப்பு. கணக்கை மாற்றினார்கள், முறையை மாற்றினார்கள், அடியோடு அழித்துவிட்டு வேறு வழியில் எழுதினார்கள். அதே ஐந்து.

அந்த ஐந்து வாசல்களுக்கும் விடைக்குறிப்பில் இருந்தது ஒரே விடை: மூடியிருக்கிறது. எல்லார் காதிலும் அவை மூடித்தான் இருந்தன. கடைசி ஐந்தும் யாருக்கும் வேலை செய்யாது, அங்கே நரம்பு செத்துவிடும் என்பது செவி பொருத்தியவர்களுக்கு, மழை மேலிருந்து கீழே பெய்யும் என்பது போலத் தெரிந்த விஷயம். இவர்களுடைய நிரலோ அவற்றைத் திறந்து திறந்து வைத்தது.

"எல்லாக் கதவையும் தட்டிக்கிட்டே அலையுது யக்கா, பிச்சைக்காரன் மாதிரி," என்று அலுத்துக்கொண்டான் பிரிட்டோ. "பேசாம, கடைசி அஞ்ச மூடுன்னு ஒரு வரி எழுதிப் போட்டுருவோம். பச்சையாயிரும்."

அங்கயற்கண்ணி அந்த வரியை எழுதவும் செய்தாள். எல்லாம் பச்சையாயிற்று. ஆனால் ஏன் என்று தெரியாமல் ஒரு வரி எழுதுவது அவளுக்குப் பழக்கமில்லாத காரியம். இரண்டு நாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தேர்வு விடைத்தாள் திருத்தும் வேலை வந்ததால் அப்படியே விட்டுவிட்டுப் போனாள்.

திருத்தும் அறையில் ஒரு சச்சரவு. இயந்திரவியல் பிரிவின் மாசிலாமணி ஒரு கட்டு விடைத்தாளைத் தூக்கி மேசையில் போட்டார்.

"பதினாலாவது கேள்விக்கு ஒரு பய சரியா எழுதல. அத்தன பேரும் ஒரே மாதிரி தப்பு. நீங்க என்னத்த நடத்துனீகளோ!"

பக்கத்தில் இருந்த நாச்சம்மை பேனாவைக் கீழே வைக்காமல் சொன்னாள்: "ஒருத்தன் தப்பா எழுதுனா அவன் தப்பு, சார். ஒட்டுமொத்த செட்டும் ஒரே விடைய எழுதியிருந்தா கீயைத் தூக்கிப் பாருங்க."

மாசிலாமணி பார்த்தார். அச்சிட்ட விடைக்குறிப்பில்தான் பிழை. எல்லாரும் சிரித்தார்கள். அங்கயற்கண்ணி சிரிக்கவில்லை. 'கீயைத் தூக்கிப் பாருங்க' என்று கண்ணாடியில் ஓடிய வரி மறைந்த பிறகும் அவள் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரொசாரியோவின் காது, தன் காது, குழுவில் சோதனைக்கென்று பதிவு கொடுத்திருந்த நூற்றுச் சொச்சம் பேரின் காதுகள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வயது, ஒவ்வொரு நோய், ஒவ்வொரு மருத்துவர் கை. அத்தனைக்கும் அதே ஐந்து வாசல்கள் சிவப்பு. அத்தனைக்கும் இவர்களுடைய நிரல் சொன்ன விடையும் ஒன்றேதான்: இங்கே நரம்பு இருக்கிறது, பதில் சொல்கிறது.

சிவப்போடு இருக்கிற நிரலைத் தன் காதில் ஏற்றிப் பார்க்கப்போவதாக அவள் சொன்னதும், பிரிட்டோ மறுநாள் பஸ் ஏறி வந்துவிட்டான். ஆய்வகத்தில் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, வேலை செய்ய விடாமல் வாதாடினான்.

"சிவப்பு காதுக்குப் போகக் கூடாதுன்னு சட்டம் போட்டது யாரு? நீங்கதான?"

"நாந்தான்."

"அத வச்சு என்னைய எத்தன தடவ ஏசியிருக்கீங்க! இப்ப நீங்களே ஏத்தப்போறேன்னா எப்பிடி? இருக்க கொஞ்சநஞ்ச காதும் போச்சுன்னா?"

"போச்சுன்னா ஸ்டோருக்குப் போறேன். நிழலா இருக்கும்."

"கிண்டல் பண்ணுதீங்களா?"

"இல்ல பிரிட்டோ. திருச்சிக்கு ஒரு பொம்பளப் புள்ள வரப்போகுது. அதோட காதுல ஏத்துறதுக்கு முன்னாடி எங் காதுல ஏத்திப் பாக்கணுமா இல்லையா? அந்த ஒத்த வரிய அழிச்சுட்டேன். ம், பட்டனை அமுக்கு."

அவன் சிலுவை போட்டுக்கொண்டு அமுக்கினான்.

காதுக்குள் யாரோ ஒரு கூடை மணலைக் கொட்டினார்கள். எல்லாப் பக்கமும் 'ஸ்ஸ்ஸ்' என்று ஓர் இரைச்சல். பிரிட்டோ வாயைத் திறந்தால் மணல். நாற்காலியை இழுத்தால் மணல். அவள் முகம் போன போக்கைப் பார்த்து அவன் கையை நீட்டினான். அவள் தட்டிவிட்டாள். புது வாசல் என்றால் முதலில் தூசிதான் வரும் என்று சொல்லிக்கொண்டாள். தலைவலியோடு வீட்டுக்குப் போனாள். மறுநாளும் மணல்தான். ஆனால் கொஞ்சம் சலித்த மணல்.

அதற்கும் மறுநாள் காலை முதல் பாடவேளை. கரும்பலகையில் மின்சுற்றுப் படம் போட்டுக்கொண்டிருந்தாள். நீளமாக ஒரு கோடு இழுத்தபோது, முதுகுத்தண்டில் ஒரு கத்தி ஏறியது. பற்கள் கூசின. கையில் இருந்த சாக்பீஸ் கீழே விழுந்து உடைந்தது. திரும்பிப் பார்த்தாள். வகுப்பே முகத்தைச் சுளித்துக்கொண்டு காதைப் பொத்தியிருந்தது.

"ஏம்ப்பா," என்றாள், "நான் கோடு போடும்போது எப்பவும் இப்படித்தான் சத்தம் வருமா?"

முன்வரிசையில் இருந்த பெண் தயங்கித் தயங்கி எழுந்தாள். "ஆமா மிஸ். நீங்க ரொம்ப அமுக்கிப் போடுவீங்க."

"இத்தன வருசத்துல ஒருத்தர்கூடச் சொல்லலையே!"

"உங்களுக்குக் கேக்காதுன்னு நெனச்சோம் மிஸ்."

அங்கயற்கண்ணி உடைந்த துண்டைப் பொறுக்கிக்கொண்டு பலகைக்குப் போனாள். வேண்டுமென்றே ஒரு கோடு இழுத்தாள். வகுப்பு 'ஐயோ' என்றது. அவளுக்கும் உடம்பு சிலிர்த்தது. இன்னொரு கோடு. அந்த அருவருப்பான சத்தத்தைக் கேட்டு ஓர் ஆசிரியை கண்ணில் நீர் வரச் சிரித்ததை அந்த மாணவர்கள் வெகு நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இடைவேளையில் மரத்தடியில் நின்று பிரிட்டோவைப் போனில் கூப்பிட்டாள். மேலே அணில் ஒன்று விடாமல் கத்திக்கொண்டிருந்தது. அது அணில் என்று கண்டுபிடிக்கவே அவளுக்குச் சற்று நேரமாயிற்று.

"கீ தப்பு பிரிட்டோ. அஞ்சு வாசலும் சாகல. ஆபரேஷன் ஆன புதுசுல நரம்பு அசந்து தூங்கும்ல? மொத மாசம் பெட்டி போய்த் தட்டியிருக்கு. பதில் இல்லைன்னதும் செத்துப்போச்சுன்னு பூட்டிருச்சு. அதுக்கப்புறம் திரும்ப ஒரு தடவகூடத் தட்டல. நம்ம நிரல் மாசா மாசம் எல்லா வாசலையும் தட்டுது. அதான் செவப்பு."

"கேள்வியே கேக்காம முட்டை மார்க் போட்டிருக்கான்!"

"நாமளும் அந்த மார்க்கத்தான் ஒன்பது வருசமா சரின்னு வச்சிருந்தோம்."

"வேணும்னே செஞ்சிருப்பானோ?"

"உள்ள பாக்க முடிஞ்சாத்தான தெரியும்."

பிரிட்டோ, "நம்ம நிரல்ல இப்பிடி ஒண்ணு கெடந்திருந்தா, ஒரு வாரத்துல எவனாவது கண்டுபிடிச்சு நம்ம மானத்தக் கப்பலேத்தியிருப்பான்," என்றான்.

திருச்சிக் கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. ஆயிரம் பேருக்கு மேல். மணமேடையில் செவ்வழிக்காரர்களின் கணினிகள். வாசலுக்குப் பக்கத்தில், சந்தனம் கொடுக்கிற இடத்தில், தேசிகனின் மேசை. கையெழுத்துப் பலகைகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. கையெழுத்து வாங்கத் தொடங்கும் முன்பே மேசைக்கு முன்னால் கூட்டம் திரளத் தொடங்கியிருந்தது. யாரையும் குறை சொல்ல முடியாது. கேட்ட காது கேட்காமல் போவது என்றால் என்ன என்று அங்கே எல்லாருக்கும் தெரியும்.

வரிசையில் மூன்றாவதாக ரஹ்மத் நின்றாள், நஃப்லாவைக் கையில் பிடித்துக்கொண்டு.

அங்கயற்கண்ணி பிரசங்கம் செய்யவில்லை. நேராக வரிசைக்குப் போனாள். தோளிலிருந்த பையில் கையை விட்டுப் பேனாவை எடுத்து நீட்டினாள்.

"இந்தா. சொன்ன மாதிரி கொண்டாந்திருக்கேன். ஆனா வெறுங்கையோட வரல. என்னைய மொதல்ல சோதிச்சுப் பாரு, அப்புறம் போடு."

"எப்படிச் சோதிக்க?"

"நான் திரும்பி நின்னுக்கிறேன். ஒம் பையில என்னென்னமோ வச்சிருப்பீல்ல, அதுல எது வேணும்னாலும் எடுத்துச் சத்தம் காட்டு. என்னன்னு நாஞ் சொல்றேன். பெட்டி ஏத்துன ஒருத்தர் யாராச்சும் எம் பக்கத்துல வந்து நிக்கட்டும்."

மதுரையிலிருந்து வந்த ஒரு வக்கீல் முன்வந்தார். நல்ல காது, போன வாரம்தான் பெட்டியில் சுருதி சேர்த்தது என்றார். இருவரும் சுவரைப் பார்த்து நின்றார்கள். அங்கயற்கண்ணி எழுத்துக் கண்ணாடியையும் கழற்றி மடித்தாள். மண்டபம் அமைதியாயிற்று.

ரஹ்மத் சாவிக்கொத்தை ஆட்டினாள்.

"சாவி," என்றார்கள் இருவரும்.

ஒரு தாளைக் கிழித்தாள்.

"பேப்பர் கிழியுது," என்றாள் அங்கயற்கண்ணி. வக்கீல், "என்ன, ஆரம்பிச்சாச்சா?" என்றார்.

துப்பட்டாவின் சரிகையை நகத்தால் வருடினாள். இரண்டு ஊசிகளை உரசினாள். வாசனைத் திரவியப் புட்டியை ஒரு முறை பீய்ச்சினாள். ஒவ்வொன்றுக்கும் அங்கயற்கண்ணி விடை சொல்லச் சொல்ல, வக்கீல் சுவரை விட்டுவிட்டு அவளையே பார்க்கத் தொடங்கினார்.

"செண்டு அடிச்சியா? மூக்குலயும் வருது, அதச் சேத்துக்காத. வேற ஏதாச்சும் எடு."

ஒருவர் சிரித்தார், பிறகு மண்டபமே சிரித்தது. ரஹ்மத் சிரிக்கவில்லை. பையை மூடிவிட்டு அவள் முன்னால் வந்து நின்றாள்.

"புள்ளைக்கு வலிக்குமாக்கா?"

"எனக்கு மணலக் கொட்டுன மாதிரி இருந்துச்சு. அதுக்கப்புறம் மாத்திட்டோம். கதவ ஒருக்களிச்சுத் தொறந்து, மெல்ல மெல்ல விடும். பிடிக்கலைன்னா பழையபடி மூடி வைக்க ஒரு நிமிசம் போதும். ஆனா ரஹ்மத்து, முடிவு ஒன்னோடது. நான் ஒரு வார்த்த சொல்ல மாட்டேன்."

ரஹ்மத் தேசிகனின் மேசையைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். பிறகு நஃப்லாவைத் தூக்கிக்கொண்டு மணமேடை ஏறினாள்.

பிரிட்டோ இந்த முறை சிலுவை போடவில்லை, நிரலைத் தட்டிவிட்டான். நஃப்லா முதலில் முகத்தைக் கோணினாள். தலையை ஆட்டிப் பார்த்தாள். எதிரே இருந்த மின்விசிறியை முறைத்தாள். 'ப்பூ' என்று ஊதிப் பார்த்தாள். பிறகு ஒன்றும் நடக்காதது போலக் கணினியின் விசைகளை எண்ணத் தொடங்கிவிட்டாள். ரஹ்மத்தின் முகம் வாடியது. குழந்தை பசியில் அழுதுவிடக் கூடாதே என்று நாலடி தள்ளிப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு, பைக்குள்ளேயே பிஸ்கட் பாக்கெட்டின் ஓரத்தைப் பிரித்தாள்.

"உம்மா! பிஸ்கட்டு!"

எண்ணுவதை விட்டுவிட்டு நஃப்லா ஓடி வந்தாள். ரஹ்மத் பாக்கெட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். இரண்டு வருடமாக அந்தக் குழந்தைக்குத் தெரியாமல் எத்தனை பாக்கெட் பிரித்திருப்பாள்! முதுகுக்குப் பின்னால் உலகமே பிரிந்தாலும் திரும்பிப் பார்க்காத பிள்ளை அது. கையிலிருந்த பாக்கெட்டை இன்னொரு முறை கசக்கினாள். "தாங்க, உம்மா!" என்று குழந்தை குதித்தது.

"யா அல்லாஹ்," என்றாள் ரஹ்மத். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "அக்கா, இனி இந்த வீட்டுல எதையும் ஒளிச்சு வைக்க முடியாது!"

அதற்குப் பிறகு மண்டபத்தை யாராலும் அடக்க முடியவில்லை. தேசிகனின் மேசைக்கு முன்னால் நின்ற வரிசை அப்படியே மணமேடைப் பக்கம் திரும்பியது. பந்திக்குக் கூப்பிட்டும் யாரும் போகவில்லை. சமையல்காரர் வந்து சத்தம் போட்டார். காதில் ஏற்றிக்கொண்டவர்கள் பைத்தியம் பிடித்தவர்கள் போல மண்டபம் முழுக்கத் திரிந்து, கொலுசை ஆட்டியும் தாளைக் கசக்கியும் இலையில் தண்ணீர் தெளித்தும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வக்கீல் தன் கைப்பையின் ஜிப்பை ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கி, மனைவியிடம் திட்டு வாங்கினார்.

சாயங்காலம் கூட்டம் கொஞ்சம் குறைந்தபோது, அங்கயற்கண்ணி பக்கத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். தேசிகன். ஒரு கையெழுத்துக்கூட விழாத பலகைகளைக் கட்டி ஓரமாக வைத்துவிட்டு வந்திருந்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கணும். காசு கட்டி வாங்கற எங்க உசந்த ரகச் செவி இருக்கில்லையா? அதுலயும் கடைசி அஞ்சு வாசல் மூடித்தான் இருக்கும். நரம்பு போயிடும்னு எங்களுக்கும் அப்படித்தான் சொல்லியிருக்காங்க."

"ஒங்களுக்குன்னா? கம்பெனிக்கா?"

தேசிகன் தலையைத் திருப்பிக் காட்டினார். வாரிவிட்ட முடிக்கு அடியில், காதுக்குப் பின்னால், சில்லின் சின்ன மேடு.

பிரிட்டோ முந்திக்கொண்டான்.

"சார், இத ஏத்துனா ஒப்பந்தத்த மீறுனதால்ல ஆகும்? வேற ஆளோட சுருதிய ஏத்தக் கூடாதுன்னு வரி இருக்கே."

"தெரியும் தம்பி. அந்த வரியை எழுதினதே நான்தான்."

"அப்பம் உக்காருங்க," என்று பிரிட்டோ நாற்காலியை இழுத்துப் போட்டான்.

ஏற்றி முடிந்ததும் தேசிகன் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். பிறகு குனிந்து எதையோ தேடினார். மேசைக்கு அடியில் பார்த்தார். கடைசியில் இடது மணிக்கட்டைக் காதுக்குக் கொண்டுபோனார்.

"இது… ஓடற சத்தம் வருது."

"கடிகாரம்னா வரத்தான் செய்யும்," என்றாள் அங்கயற்கண்ணி.

"பன்னெண்டு வருஷமா கட்டிண்டிருக்கேன் மேடம்."

வெகு நேரம் கையைக் காதிலேயே வைத்திருந்தார். பிறகு திரையைக் காட்டி, "நானும் ஒரு காலத்துல நிரல் எழுதினவன்தான். இதை உள்ள பாக்கலாமா?" என்று கேட்டார்.

"தாராளமா."

படிக்க ஆரம்பித்தார். முதலில் வேகமாக, பிறகு மெதுவாக. ஓரிடத்தில் நின்று, முன்னால் போய், மறுபடியும் அதே இடத்துக்கு வந்தார். இன்னொருவர் வீட்டுச் சமையலில் குறை சொல்வது போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மேடம், இந்த இடத்துல… வாசலைத் தொறக்கறதுக்கு முன்னாடி பேட்டரி எவ்வளவு இருக்குன்னு பாக்கலியே. பாதியில தீர்ந்துட்டா?"

அங்கயற்கண்ணி குனிந்து பார்த்தாள். பிரிட்டோவும் எட்டிப் பார்த்தான். அவர் சொன்னது சரிதான். இரண்டு மாதமாக இருவர் கண்ணிலும் படாத ஓட்டை.

"திருத்திருங்க," என்றாள்.

"நானா?"

"நீங்கதான பாத்தீக?"

தேசிகன் மண்டபத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். டிக் டிக் என்று தொந்தரவு செய்துகொண்டிருந்த கைக்கடிகாரத்தைக் கழற்றித் தள்ளி வைத்தார். இஸ்திரி கலையாத சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டு, நாற்காலியை முன்னால் இழுத்தார்.